அக்ரிமெண்ட் கணவர் பெயரில்... கல்லாவில் மனைவி! 'பிரான்சைஸ்' கடை எடுக்கும் தம்பதிகளே, கையெழுத்து போடும் முன் இதைப் படிங்க!

நெல்லை:

வண்ணார்பேட்டை, பாளை மார்க்கெட், டவுன் ரத வீதி என்று நெல்லையில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு கம்பெனி போர்டு மாட்டிய சின்னக் கடை கண்ணில் படாமல் இருக்காது. ஐஸ்கிரீம் பார்லர், பால் பூத், கேக் ஷாப், டீக்கடை என்று விதவிதமாக இருக்கின்றன.

உள்ளே எட்டிப் பார்த்தால் பல கடைகளில் 2 பேர்தான். விடியற்காலையில் பால் டிரே இறக்குவது அண்ணாச்சி. பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு வந்து கல்லாவில் உட்காருவது அக்கா. சாயங்காலம் கூட்டம் வந்தால் ரெண்டு பேரும்.

"ஆள் சம்பளம் கிடையாது, நாங்க ரெண்டு பேருமே பாத்துக்குவோம்" என்ற தைரியத்தில்தான் பல தம்பதிகள் இந்தத் தொழிலில் இறங்குகிறார்கள். போடுகிற காசு சாதாரண காசு இல்லை. வேலையை விட்டு வந்த பி.எப். பணம், பேங்கில் அடகு வைத்த நகை, ஊரில் நிலம் விற்ற பணம்.

ஆனால் அந்த "ஆள் சம்பளம் கிடையாது" என்ற ஒரு வார்த்தைதான் கணக்கையே தப்பாக்கி விடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

'பிரான்சைஸ்' என்றால் என்ன?

கடை உங்களுடையது, வாடகையும் கரண்ட் பில்லும் உங்களுடையது. போர்டு, சரக்கு, விலை மூன்றும் கம்பெனியுடையது. சுருக்கமா சொன்னா அவ்வளவுதான்.

இதற்காக சில கம்பெனிகள் முதலிலேயே கட்டணம் வாங்குகின்றன. சில கம்பெனிகள் டெபாசிட் மட்டும் வாங்கிக்கொண்டு, சரக்கு விற்பதில் கமிஷன் தருகின்றன. இன்னும் சில கம்பெனிகள் மாதா மாதம் விற்பனையில் ஒரு பங்கை 'ராயல்டி' என்று பிடித்துக்கொள்ளும். கட்டணத்துக்கும் ராயல்டிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. கட்டணம் 2 லட்சம் என்று சொன்னால் கையை விட்டுப் போவது 2 லட்சத்து 36 ஆயிரம்.

தமிழ்நாட்டில் இது புதுசு இல்லை. 1970-ல் சென்னை ராயபுரத்தில் சந்திரமோகன் சின்ன அளவில் தொடங்கிய அருண் ஐஸ்கிரீம், பெரிய கம்பெனிகளோடு சென்னையில் மோத முடியாமல் தென் மாவட்டத்து சின்ன ஊர்களுக்கு வந்து பார்லர்கள் மூலமாகத்தான் வளர்ந்தது. போர்டு கம்பெனியுடையது, கடை உள்ளூர்க்காரருடையது என்ற பழக்கம் நம்ம ஊருக்கு அப்போதே வந்துவிட்டது.

கூட்டம் பாலுக்கு... காசு ஐஸ்கிரீமுக்கு!

கமிஷன் எல்லா சரக்குக்கும் ஒரே மாதிரி கிடையாது. அமுல் நிறுவனம் தன் கடைகளுக்காக இணையதளத்தில் போட்டிருந்த கணக்கைப் பார்த்தாலே புரியும். பாக்கெட் பாலுக்கு எம்.ஆர்.பி.யில் சராசரியாக 2.5 சதவீதம், மற்ற பால் பொருட்களுக்கு 10 சதவீதம், ஐஸ்கிரீமுக்கு 20 சதவீதம்.

அதாவது 1,000 ரூபாய்க்கு பால் விற்றால் 25 ரூபாய். ஐஸ்கிரீம் விற்றால் 200 ரூபாய். காலை 5 மணிக்கு எழுந்து ஓடி ஓடி விற்பதில் காசு இல்லை. ராத்திரி 9 மணிக்கு குடும்பத்தோடு வருகிறவர்களிடம்தான் காசு. அதனால்தான் கடை 16 மணி நேரம் திறந்து கிடக்கிறது. இடையில் ஷட்டரை இறக்க மனசு வராது.

வரி குறைந்தால் கடைக்காரருக்கு லாபம் என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஐஸ்கிரீமுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு 118 ரூபாய்க்கு விற்ற டப்பா 105 ஆனால், எம்.ஆர்.பி.யில் 20 சதவீதம் கமிஷன் என்று வைத்தால் முன்பு 23 ரூபாய் 60 காசு, இப்போது 21 ரூபாய். விலை குறைந்ததால் கூட 4 பேர் வாங்கினால்தான் பழைய வருமானம் வரும்.

மணிக்கு 17 ரூபாய்!

இப்போது ஒரு கணக்கு. இது யாருடைய கடைக் கணக்கும் இல்லை, புரிவதற்காகப் போடுவது. உங்கள் கடை நம்பரை இதில் மாற்றிப் போட்டுப் பாருங்க.

தினமும் 9,000 ரூபாய் வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2 லட்சத்து 70 ஆயிரம். எல்லா சரக்கும் சேர்த்து சராசரி 12 சதவீதம் நின்றால் 32,400 ரூபாய்.

இதில் கடை வாடகை 7,500. கரண்ட் 5,000. கடைக்கு வணிக இணைப்பு என்பதால் வீட்டுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் எல்லாம் கிடையாது, ஃப்ரீசர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். உருகியது, தேதி முடிந்தது, கவர், சில்லரை செலவு 2,000. பேங்கில் 4 லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு வாங்கியிருந்தால் மாதத் தவணை சுமார் 8,700. மொத்தம் 23,200.

மீதி 9,200 ரூபாய். "பரவாயில்லையே, செலவு போக கையில நிக்குதே" என்று தோன்றும்.

காலை 6 முதல் ராத்திரி 10 வரை கடை. ஆளுக்கு 9 மணி நேரம் என்றால் ரெண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு 18 மணி நேரம். மாதத்துக்கு 540 மணி நேரம். 9,200-ஐ 540-ஆல் வகுத்தால் மணிக்கு 17 ரூபாய்!

அதே ரெண்டு பேரும் வேறொரு கடையில் ஆளுக்கு 10,000 சம்பளத்துக்குப் போயிருந்தால் மாதம் 20,000 வந்திருக்கும். தலையில் கடனும் இருக்காது. அந்த 20,000-ஐயும் செலவுக் கணக்கில் எழுதிப் பார்த்தால் இந்தக் கடை மாதம் 10,800 ரூபாய் நஷ்டத்தில் ஓடுகிறது. கடையைத் தாங்கிப் பிடிப்பது கம்பெனி போர்டு இல்லை, சம்பளம் வாங்காத 2 பேர்.

ரெண்டு பேர் சம்பளமும் நிற்க வேண்டும் என்றால் இதே கடையில் தினமும் 12,000 ரூபாய் வியாபாரம் வேண்டும். வருஷத்துக்கு 43 லட்சத்தைத் தாண்டும். சரக்கு வியாபாரத்தில் 40 லட்சத்தைத் தாண்டினாலே ஜி.எஸ்.டி. பதிவு வந்துவிடும் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆடிட்டர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி ஆள் பேப்பரில் போட்டுக் காட்டும் கணக்கில் இந்த சம்பள வரி அனேகமாக இருக்காது. கணவன்-மனைவி சேர்ந்து வந்து உட்கார்ந்தால் அவருக்கு ரொம்ப சந்தோஷம். காரணம் இதுதான்.

ஜப்பானில் நடந்தது...

இப்படி தம்பதிகளை நம்பியே ஒரு தொழில் வளர்ந்த நாடு ஜப்பான். அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் 24 மணி நேரக் கடைகளை பெரும்பாலும் பிரான்சைஸ் எடுத்தவர்கள்தான் நடத்துகிறார்கள். 'செவன் இலெவன்' கம்பெனியின் முதல் கடை 1974-ல் டோக்கியோவில் திறக்கப்பட்டது. கடை எடுக்க வேண்டுமானால் 2 பேர் முழு நேரமும் கடையில் இருக்க முன்வர வேண்டும். அந்த 2 பேர் பெரும்பாலும் கணவன்-மனைவி.

ஒசாகா பக்கத்தில் உள்ள ஹிகாஷி ஒசாகா நகரில் அப்படி ஒரு தம்பதி கடை நடத்தி வந்தனர். 2018-ல் மனைவி புற்றுநோயால் இறந்துபோனார். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. தனியாளாகத் தவித்த கணவர், 2019 பிப்ரவரியில் நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை கடையை மூட ஆரம்பித்தார்.

அக்ரிமெண்ட்டில் 24 மணி நேரம் என்று இருக்கிறது, மீறினால் அபராதம் என்றது கம்பெனி. கேட்ட தொகை சுமார் 1 கோடியே 70 லட்சம் யென். நாடு முழுக்க பேச்சு கிளம்பியதால் அபராதத்தை கம்பெனி வற்புறுத்தவில்லை. அந்த ஆண்டே நேரத்தைக் குறைத்துக்கொள்ள மற்ற கடைகளுக்கும் வழி செய்தது. ஆனால் இவருடைய ஒப்பந்தத்தை, வாடிக்கையாளர்களிடம் இருந்து புகார் அதிகம் என்று சொல்லி 2019 டிசம்பர் 31-ந் தேதியோடு ரத்து செய்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 2022 ஜூனில் ஒசாகா மாவட்ட கோர்ட்டு கம்பெனி பக்கம் தீர்ப்பு சொன்னது.

அங்கே 24 மணி நேரம், நம்ம ஊரில் 16 மணி நேரம். மற்றபடி கதை அதேதான். ரெண்டு பேரை வைத்து ஓடுகிற கடையில் ஒருவர் படுத்தாலே கடை படுத்துவிடும். "ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாம போனா கடை நேரத்தைக் குறைச்சுக்கலாமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் கையெழுத்து போடக்கூடாது.

யார் பெயரில் எடுப்பது?

வழக்கமாக நடப்பது, எல்லாம் கணவர் பெயரில். அக்ரிமெண்ட், கடை வாடகை ஒப்பந்தம், உணவு பாதுகாப்பு லைசென்ஸ், பேங்க் கணக்கு அத்தனையும். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். ஸ்டிக்கரும் கணவர் கணக்குக்குத்தான். "40 ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி கத்துவது கல்லாவில் இருக்கும் அக்கா காதில்தான் விழும். ஆனால் அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

சட்டத்தின் கண்ணிலும் அவர் அந்தக் கடையில் வேலை பார்ப்பவர் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. முதலாளியோடு சேர்ந்து வாழ்ந்து அவரைச் சார்ந்திருக்கும் மனைவி, கணவன், பிள்ளைகளை அந்தச் சட்டம் 'பணியாளர்' கணக்கில் சேர்ப்பதில்லை. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி கட்டாயம் என்று 2021-ல் கொண்டுவந்த திருத்தம்கூட அந்தப் பணியாளர்களுக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 10-க்கு 12 கடையில் கழிப்பிடம் இருக்கிறதா என்று வாடகை பேசும்போது யாரும் கேட்பதில்லை. ஆண்கள் எங்கேயாவது போய் வந்துவிடுகிறார்கள். 9 மணி நேரம் கல்லாவில் இருக்கும் பெண், தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருக்கிறார்.

சரி, மனைவி பெயரில் எடுத்தால்? சில பேர் கடன் சலுகைக்காக அப்படி எடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால் கம்பெனியும் கடன் கொடுப்பவரும் செக்யூரிட்டிக்கு பிளாங்க் செக் கேட்பது உண்டு. அதில் கையெழுத்து போடுவது மனைவி. நாளைக்கு சரக்கு பாக்கி ஆகி செக் திரும்பினால் கேஸ் மனைவி மேல்தான் வரும். செக் மோசடி வழக்கில் 2 ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்கு சட்டத்தில் இடம் இருக்கிறது. கடையை நடத்தியது நான்தான் என்று கணவர் சொன்னால் எடுபடாது. யார் பெயரில் கடையோ அவர் கணக்கு வழக்கு அத்தனையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

கணவர் பெயரில் கடையை வைத்துக்கொண்டு மனைவிக்கு சம்பளம் என்று எழுதிவிடலாமா? எழுதலாம். ஆனால் வருமான வரிச் சட்டப்படி, அந்தத் தொழிலுக்கான படிப்போ தொழில் திறமையோ மனைவிக்கு இருந்து அதற்காகக் கொடுத்த சம்பளம் என்று காட்ட முடியாவிட்டால், அந்தத் தொகையைக் கணவர் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள். வரி மிச்சமாகும் என்று நினைத்து செய்ய வேண்டாம். மனைவி கணக்கில் மாதா மாதம் ஒரு தொகை போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்தால், அது நல்ல காரியம்.

ரெண்டு பேரும் பங்குதாரராக சேர்ந்து எடுப்பது இன்னொரு வழி. 1932-ம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டப்படி பத்திரம் போட்டு, நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை என்பார்கள். ஆனால் பதியாத நிறுவனம், யாராவது பணம் தராமல் ஏமாற்றினால் கோர்ட்டில் வழக்கு போட முடியாது. நிறுவனத்துக்குத் தனி பான் கார்டு, லாபத்துக்கு 30 சதவீத வரி. பங்குதாரர் ரெண்டு பேருக்கும் சட்டம் சொல்லும் அளவுக்கு சம்பளம் எழுதி, அதைக் கழித்துக்கொண்டுதான் லாபம் பார்ப்பார்கள். கடைக் கணக்கில் மனைவி சம்பளம் ஒரு வரியாக வருவது இந்த முறையில்தான்.

இதிலும் ஒரு சிக்கல். ரெண்டே பேர் உள்ள பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் இறந்தால் நிறுவனமே முடிந்துபோகும். எனவே எந்த முறையில் எடுத்தாலும், "ஒருவர் இறந்தாலோ முடியாமல் போனாலோ, மீதி காலத்துக்கு அதே டெபாசிட்டில் மற்றவர் பெயருக்கு மாற்றித் தரப்படும்" என்ற ஒரு வரியை கம்பெனி அக்ரிமெண்ட்டில் சேர்க்கச் சொல்லுங்க. தம்பதிக்குள் பிரிவு வந்தால் என்ன என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அதற்கும் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் இடம் இருக்கிறது.

அக்ரிமெண்ட்டில் ஒளிந்திருப்பவை

இந்தியாவில் பிரான்சைஸுக்கு என்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. 1872-ல் வந்த ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் எல்லாம். அமெரிக்காவில் கடை எடுப்பவரிடம் கம்பெனி தன் விவரங்களை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்று 1970-களின் கடைசியிலேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே நீங்க கேட்டால்தான் கிடைக்கும். எத்தனை கடைகள் மூடப்பட்டன என்று கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

பெரும்பாலும் அக்ரிமெண்ட் ஆங்கிலத்தில் 20, 30 பக்கம் இருக்கும். வக்கீலிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதற்கு ஆகும் செலவு, போர்டு லைட் செலவைவிட குறைவு. அவரிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது, அடுத்த தெருவில் அதே கம்பெனி இன்னொரு கடை கொடுக்கலாமா, தேதி முடிந்த சரக்கைத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை வருஷத்துக்கு வெளியே வர முடியாது, தகராறு வந்தால் எந்த ஊரில் பஞ்சாயத்து என்பவை. பல ஒப்பந்தங்களில் சமரச விசாரணை டெல்லியிலோ பெங்களூரிலோ என்று இருக்கும். 1 லட்சம் டெபாசிட்டுக்காக நெல்லையில் இருந்து ரெயில் ஏறி எத்தனை தடவை போவீங்க?

ஒப்பந்தம் இருக்கும் வரை போட்டிக் கம்பெனி சரக்கை விற்கக்கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று கோகோ கோலா வழக்கில் 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்தத் தொழிலையே செய்யக்கூடாது என்று எழுதியிருந்தால், ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி பொதுவாக அது செல்லாது. அதைக் காட்டி மிரட்டினால் பயப்படத் தேவையில்லை.

கடைக்கு இடம் பிடிக்கும்போது வாடகை ஒப்பந்த காலமும் கம்பெனி ஒப்பந்த காலமும் ஒன்றாக இருக்கட்டும். கம்பெனியோடு 5 வருஷம், கட்டிட ஓனரோடு 11 மாதம் என்றால் 12-வது மாதம் வாடகையை ஏற்றச் சொல்லி ஓனர் நிற்பார். உள் அலங்காரத்துக்குப் போட்ட 3 லட்சத்தை சுவரில் இருந்து பிய்த்து எடுத்துப் போக முடியாது.

போலிகள் உஷார்!

பெரிய கம்பெனிகள் பெயரில் போலி இணையதளம் வைத்து, "உங்கள் ஏரியாவுக்கு ஏஜென்சி ஓ.கே. ஆகிவிட்டது" என்று போன் செய்து ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் வாங்கும் கும்பல்கள் உண்டு. தங்கள் பெயரில் மோசடி நடப்பதாக அமுல் நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டுள்ளது. இடத்தை நேரில் வந்து பார்க்காமல் பணம் கேட்கும் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

வீடும் கடையும்

கல்லாப் பெட்டியில் இருந்து வீட்டு மளிகைக்கு 500 எடுப்பது, பிள்ளை ஸ்கூல் பீஸுக்கு 3,000 எடுப்பது என்று ஆரம்பித்தால், கடை ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். மாதம் 1-ந் தேதி ரெண்டு பேரும் தனித்தனியாக சம்பளம் எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் எடுப்பதை நோட்டில் எழுதுகிற தம்பதிக்குள் சண்டை குறைவு. கஸ்டமர் முன்னால் சில்லரைக்காக சண்டை போட்டால் அடுத்த நாள் தெரு முழுக்கப் பேசும்.

ஊரில் கோவில் கொடை, தம்பி கல்யாணம் என்று வந்தால் ரெண்டு பேரும் சேர்ந்து போக முடியாது. வாரத்தில் ஒரு அரை நாளாவது பகுதி நேர ஆள் வைப்பதற்கு முதல் நாளிலேயே கணக்கில் இடம் விடுங்க.

ஐஸ்கிரீம் கடை என்றால் கத்திரி வெயிலில் வந்த காசை ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு எடுத்து வைக்க வேண்டும். அந்த 2 மாதமும் வாடகையும் தவணையும் நிற்காது.

மழை என்றதும் நெல்லைக்காரர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷன் பகுதி கடைகளுக்குள் புகுந்தது. ஃப்ரீசர் கம்பெனியுடையதாக இருந்தாலும், அது கெட்டால் யார் பொறுப்பு என்று அக்ரிமெண்ட்டில் பாருங்க. பல ஒப்பந்தங்களில் கடைக்காரர் தலையில்தான் இருக்கும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது சரக்கு, ஃப்ரீசர் ரெண்டும் சேர்ந்திருக்கிறதா, வெள்ளத்துக்கும் பொருந்துமா என்று கேட்டு எடுங்க. பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் வரும். அதிலும் ரெண்டு பேர் பெயரையும் போடச் சொல்லுங்க.